கேட்டது கிடைக்காதபோதும்

(காரைக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எப்படி ஜெபிக்க வேண்டும், ஜெபித்த பிறகு கடவுள் தரும் பதிலை எப்படி நம்புவது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பல சபையாரும் வந்திருக்கிறீர்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய் வேண்டிக்கொள்ளும் ஆச்சிமார் சிலரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேண்டுதல் என்ற ஒன்று இல்லாத வீடு நம் சீமையில் கிடையாது. ஆகவே வசன விளக்கத்தில் ஆரம்பிக்காமல், நம் மண்ணில் நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்கிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் பாம்பாற்றங்கரையில் ஓரியூர். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அங்கேதான் இயேசு சபைத் துறவி அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. ஜான் டி பிரிட்டோ என்ற அவருடைய பெயரில் தேவகோட்டையில் பள்ளிக்கூடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் இரத்தம் சிந்திய ஓரியூர் செம்மண்ணைக் கைக்குட்டையிலும் காகிதத்திலும் முடிந்துகொண்டு வருகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்தவர் மட்டும் இல்லை, எல்லோரும்தான் எடுத்து வருகிறார்கள். பிள்ளை வரம், உடம்பு சுகம், வழக்கில் வெற்றி என்று கேட்டு வருகிறவர்கள்.

அந்த மண்ணை எடுக்கிறவர்கள் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அருளானந்தரின் வாழ்க்கை முழுவதும் ஜெபமும் அதற்கு வந்த பதிலுமாகவே ஓடுகிறது. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்தவர். சிறுவனாக அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தபோது கடும் நோய் கண்டது. பிழைக்க மாட்டான் என்று கைவிட்ட நிலை. அவருடைய தாய் புனித சவேரியாரை நோக்கி வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியை உடுத்தி வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அரண்மனைப் பிள்ளைகள் பட்டு உடுத்தி ஓடித் திரிந்த இடத்தில் இவர் மட்டும் கறுப்பு அங்கியோடு நடந்தார். ஒரு வருஷத்தில் தாயின் நேர்ச்சை முடிந்தது. ஆனால் பையனுக்கு அந்த அங்கியின் மேல் வந்த ஆசை முடியவில்லை. 15 வயதில் அந்தச் சபையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு இந்தியாவுக்குப் போகிறேன் என்றார். தாய் துடித்துப் போனார். மகனை அனுப்பக் கூடாது என்று பெரிய இடங்களில் எல்லாம் முறையிட்டார், கெஞ்சினார். எதுவும் பலிக்கவில்லை. 1673-இல் கப்பல் புறப்பட்டுப் போயிற்று. அதே தாய், அதே மகன். பிழைக்க வேண்டும் என்று கேட்டது கிடைத்தது. பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டது கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்குக் காரணமே முதலில் கிடைத்த பதிலோடு வந்த அந்த அங்கிதான்.

இனி நம் சீமைக்கு வருவோம். மறவர் நாட்டில் 1686-இல் அவரையும் அவருடைய உபதேசியார்களையும் பிடித்துப் பல நாள் வதைத்தார்கள். மரண தண்டனை என்று ஆயிற்று. கடைசி நேரத்தில் அந்த நாட்டு மன்னர் சேதுபதி விடுவித்தார், இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு. சபைத் தலைவர்கள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இளமைத் தோழர் பேதுரு அப்போது போர்ச்சுக்கல்லின் அரசர். இங்கேயே இருந்துவிடு என்று அவர் வற்புறுத்தியும் கேளாமல் 1690-இல் திரும்பி வந்தார்.

அந்தச் சமயத்தில் சிறுவல்லித் தலைவர் தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். பார்க்க வேண்டிய வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். இவர் உடனே போகவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அந்த உபதேசியார் நோயாளியின் படுக்கையருகே நின்று ஜெபித்து, நற்செய்திப் பகுதியை வாசித்தார். தேவர் குணமடைந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்றார். 1693 ஜனவரி 6-ஆம் நாள் அதுவும் நடந்தது. ஞானஸ்நானம் பெறுகிறவர் ஒரு மனைவியோடுதான் வாழலாம் என்பது சபையின் சட்டம். தள்ளி வைக்கப்பட்ட மனைவியரில் இளையவர் சேதுபதிக்கு உறவு. அந்தப் பெண் அரண்மனைக்குப் போய் அழுதார். இரண்டு நாளில் அருளானந்தர் கைதானார். ஒரு மாதம் ஆவதற்குள் ஓரியூர்.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்கிறபோது அந்தப் பெண்ணை வில்லியாக்கி விடுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. கணவர் பிழைக்க வேண்டும் என்று அவரும் எத்தனை இரவு வேண்டியிருப்பார்? கணவர் பிழைத்தார், அவருக்கு மட்டும் இல்லாமல் போனார். ஒருவருடைய ஜெபம் கேட்கப்பட்ட அதே நாளில் இன்னொருவரின் வீடு இடிந்து விழலாம். ஜெபத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் இதை மறைக்கக் கூடாது.

இப்போது சொல்லுங்கள். இதில் எந்த ஜெபம் கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை? நோயாளி எழுந்து நடந்தார். அவருக்காக ஜெபம் செய்ய ஆள் அனுப்பியவர் அதனாலேயே 45 வயதில் செத்தார். செய்தி லிஸ்பனுக்குப் போனபோது அரசர் நன்றி வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தாராம். அந்தத் தாய் துக்க உடை உடுத்தாமல் விழா உடையில் வந்து நின்றார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அழாமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால், தான் கேட்ட முதல் வரத்தைக் கொடுத்த அதே கையிலிருந்து இதையும் வாங்கிக்கொண்டார். கிறிஸ்தவம் நம்பிக்கை என்று சொல்வது இதைத்தான்.

நாமோ வேறு விதமாகப் பழகிவிட்டோம். கணக்கு என்பது இந்த ஊருக்குத் தெரியாத விஷயமா? ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கடல் தாண்டி லேவாதேவி நடத்தி, பேரேட்டில் பற்றும் வரவும் பைசா பிசகாமல் எழுதிய ஊர். தொழிலில் அந்த ஒழுங்கு பெருமைக்குரியது. கடவுளிடம் அதே பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போவதுதான் தவறு. மூன்று வெள்ளி உபவாசம், ஒன்பது நாள் நவநாள், இத்தனை மெழுகுவர்த்தி, இத்தனை ரூபாய் காணிக்கை. இதெல்லாம் நம் பக்கத்து வரவு. ஆகவே வேலையோ விசாவோ குழந்தையோ கடவுள் பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் கோபம், அல்லது வேறு கோயில். தொலைக்காட்சியில் சிலர் இதற்கு வட்டி விகிதமே சொல்கிறார்கள்: ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று. ஏழைகளின் கைக்காசைப் பிடுங்கும் பேச்சு அது. அதற்கும் மலைப்பிரசங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

காணிக்கையே கூடாது என்று சொல்ல வரவில்லை. மானாமதுரைக்குப் பக்கத்தில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் இருக்கிறதே, பிரெஞ்சுக் குரு பெர்டினாண்டு செல் 1894-இல் கட்டியது, பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து எழுப்பியது. பிரான்சில் நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் நன்றியாகக் கொடுத்த பணம் அதில் சேர்ந்திருக்கிறது என்பது கோயில் வரலாறு. கிடைத்த பிறகு நன்றி பொங்கிக் கொடுத்தது அது. நம் வணிகர்கள் மகமை என்று சாமிக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தார்களே, அதிலும் இந்த நன்றியின் சாயல் உண்டு. முன்பணம் கட்டிக் கடவுளைக் கடன்காரராக்குவது வேறு சங்கதி.

சரி, எப்படித்தான் ஜெபிப்பது? சீடர்களே இயேசுவிடம் இதைக் கேட்டார்கள். லூக்கா பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் ஒரு நீண்ட பயிற்சி கொடுக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு ஜெபத்தைக் கொடுத்தார். அதை நாம் மனப்பாடமாக ஓட்டிவிடுவதால் அதன் வரிசையைக் கவனிப்பதில்லை. முதல் பாதியில் நம் தேவை எதுவுமே இல்லை. கடவுளின் பெயர், கடவுளின் ஆட்சி, கடவுளின் விருப்பம். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அதுவும் இன்றைக்கு வேண்டிய சாப்பாடு. பிறகு மன்னிப்பு. நமக்குத் தீங்கு செய்தவரை நாம் மன்னிக்கிறோம் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. பங்காளியோடு பாகப்பிரிவினை வழக்கு நடக்கிற வீட்டில் இந்த ஜெபத்தை உண்மையாகச் சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஜெபத்தில் எனக்கு மட்டும் என்று எதுவும் கேட்க முடியாது. அடுத்த வீட்டுக்காரனின் சோற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

அதே அதிகாரத்தில் இயேசு ஒரு கதையும் சொன்னார். நடுராத்திரியில் ஒருவன் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார். அடுப்பு அணைந்துவிட்டது, வீட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருப்பவர் பிள்ளைகளோடு படுத்துவிட்டேன், தொந்தரவு செய்யாதே என்கிறார். இவன் விடாமல் தட்டுகிறான், கடைசியில் அவர் எழுந்து வந்து கொடுக்கிறார். விடாமுயற்சிக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். சரிதான். அந்த ராத்திரியில் அவன் தன் பசிக்காகத் தட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழி நடந்து களைத்து வந்த இன்னொருவனின் பசிக்காகத் தட்டினான்.

கோயில்களில் விண்ணப்பப் பெட்டி வைத்திருப்பார்கள். அதில் விழும் சீட்டுகளைப் பார்த்தால் நம் ஜனங்களின் மனசு தெரியும். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த கோடு போட்ட தாள், நாலாக மடித்திருக்கும். மகனுக்குச் சிங்கப்பூரில் பெர்மிட் வர வேண்டும். அடகு வைத்த சங்கிலி மூழ்கிவிடக் கூடாது. அவர் குடியை விட வேண்டும். கொச்சையாக, எழுத்துப் பிழையோடு, நேரடியாக இருக்கும். ஜெபம் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி அதிரும்படி கத்துவதையும் ஒரே வாக்கியத்தை அடுக்கிக்கொண்டு போவதையும்விட அந்தச் சீட்டு ஆயிரம் மடங்கு மேல். அன்னாள் என்ற பெண் பிள்ளை இல்லாத துக்கத்தில் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய முணுமுணுத்தாள். குடித்திருக்கிறாள் என்று குருவானவரே நினைத்துவிட்டார். அவளுடைய ஜெபத்தைக் கேட்ட கடவுளுக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

கேட்கிறோம். பதில் என்ன வரும்? வேதத்தில் இதற்கு ஒரே மாதிரியான பதில் கிடையாது. எலியா மழைக்காக ஜெபித்துவிட்டு வேலைக்காரனைக் கடல் பக்கம் பார்த்து வரச் சொன்னார். ஆறு முறையும் அவன் ஒன்றுமில்லை என்று திரும்பினான். ஏழாம் முறை உள்ளங்கை அளவு மேகம். வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்கு அந்த ஆறு முறையின் கனம் தெரியும். இங்கே ஒரு வார்த்தை. மழைக்காகக் கூடி ஜெபிக்கிறோம், நல்லது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைத்து மனை போட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று கைகூப்பினால் அந்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம்? மழை வந்தாலும் தண்ணீர் நிற்க இடமில்லையே.

பவுலுக்கு உடம்பில் ஒரு வேதனை இருந்தது. நீக்கும்படி மூன்று முறை மன்றாடினார். நீங்கவில்லை. தாங்கிக்கொள்ளும் கிருபைதான் வந்தது. இயேசுவே கெத்செமனேயில் மூன்று முறை கேட்டார். அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கலாகாதா என்று வியர்வை இரத்தத் துளியாக விழும்படி கேட்டார். கேட்டபடி நடக்கவில்லை. பிதாவின் விருப்பத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு எழுந்து சிலுவைக்குப் போனார். கிறிஸ்தவ ஜெபத்தின் நடு இடத்தில் இப்படி ஒரு மறுக்கப்பட்ட ஜெபம் நிற்கிறது. உன் ஜெபம் கேட்கப்படாததற்கு உன் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், கெத்செமனேயில் யாருக்கு விசுவாசம் குறைந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். வட அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது, அம்மாவைப் போல நீலக் கண் வேண்டும் என்று ஒரு ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பின்னாளில் ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளைத் தேடிச் சேலை கட்டிக்கொண்டு நம் ஊர்களில் நடந்தபோது, நீலக் கண்ணாக இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. அழகான கதை. எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள்.

அதோடு நிறுத்திவிடுவதுதான் சிக்கல். 1931 அக்டோபரில் அதே அம்மையார் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையுமே அவருடைய உலகம். சுகம் வேண்டி அவரும் ஜெபித்தார், அவர் வளர்த்த பிள்ளைகளும் ஜெபித்தார்கள். எழுந்து பழையபடி நடமாடவில்லை. படுக்கையில் இருந்தபடி பல புத்தகங்கள் எழுதினார். ஆகவே புத்தகம் எழுதத்தான் கடவுள் காலை முறித்தார் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீலக் கண்ணுக்குக் காரணம் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நாமே காரணம் எழுதிக் கடவுளிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அவர் தந்தை, நல்லவர், சிலுவையில் தம் மகனையே தந்தவர், மூன்றாம் நாள் எழுப்பியவர். இதன்மேல்தான் நம்பிக்கை நிற்கிறது. எத்தனை ஜெபம் பலித்தது என்ற எண்ணிக்கையின்மேல் நிற்கவில்லை.

இதைச் சொல்வதால் ஜெபித்தால் போதும், மருந்து வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே பக்கத்தில் திருப்பத்தூரில் சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. ஜெபமும் மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்பதை அப்படிப்பட்ட இடங்களில் நம் தாத்தா பாட்டிகளே கண்டிருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு ஜெபிக்கச் சொல்கிறவர், டயாலிசிஸ் போகாதே என்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் கையில் வேதப்புத்தகம் இருந்தாலும் கேட்காதீர்கள்.

சருகணியில் லூயி லெவே என்ற பிரெஞ்சுக் குரு இருந்தார். 1973-இல் அங்கேயே மறைந்தார். அவரைப் பார்த்த பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கலாம். கோயிலில் நெடுநேரம் முழங்காலில் இருப்பார், வெளியே வந்தால் காத்திருக்கும் ஜனங்களின் குறையைக் கேட்பார், அவர்களுக்காக மறுபடி உள்ளே போய் முழங்காலிடுவார் என்று சொல்வார்கள். மதம் பாராமல் வந்தார்கள், இன்றைக்கும் அவருடைய கல்லறைக்கு வருகிறார்கள். வந்தவர் எல்லோருக்கும் கேட்டது கிடைத்திருக்காது. இருந்தும் ஜனங்கள் ஏன் வந்தார்கள்? தங்களுக்காக ஒருவர் கடவுளின் கதவைத் தட்டுகிறார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. நடுராத்திரியில் விருந்தாளிக்காகத் தட்டியவனின் வேலை அது.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவை அவருடைய நண்பர்கள் பார்க்க வந்தபோது ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி என்று விளக்கத் தொடங்கியதும் கெட்டுப்போனார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அவர்களைத்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. இந்த ஊரில், உங்கள் தெருவிலேயே, வருஷக்கணக்காக ஜெபித்துக் கேட்டது கிடைக்காமல் மனம் உடைந்தவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கு வருவதையே நிறுத்தியிருப்பார்கள். இந்த வாரம் அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். விசுவாசத்தைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், காரணம் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமென்றால் கூடப் போங்கள். அவர் எதைக் கேட்டுக் களைத்துப் போனாரோ அதையே அவருக்காக நீங்கள் கேளுங்கள்.